பிளவுக்குக் காவல் இல்லை

பைரினா தீவு
கொடி தளிர்க்கும் மாதம், வளர்பிறை ஆறாம் நாள்

திமாண்டர் தன் அக்கா பிலின்னாவுக்கு: மகிழ்ந்திரு.

நீயும் அத்தானும் நலமென்றால் நல்லது. நானும் மகன் தியோனும் நலம். கடல் திறந்ததும் புறப்படுகிற முதல் கப்பலிலேயே இதை அனுப்புகிறேன். ஊரை ஆளப் போனதும் தம்பி அக்காவை மறந்துவிட்டான் என்று இனி நீ லெம்போஸ் முழுக்கச் சொல்லித் திரிய முடியாது.

துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கிவிட்டேன். அப்பா இருபது வருடம் அதைப் பற்றிப் பேசினார், நான் கட்டுகிறேன். வீட்டுக்கு ஓர் ஆள் கல் சுமக்க வேண்டும் என்பது உத்தரவு. மீனவர் தெரு மட்டும் முணுமுணுக்கிறது. சூரை மீன் கூட்டம் வருகிற இருபது நாளும் விட்டுவிடுங்கள், பிறகு இரண்டு மடங்கு சுமக்கிறோம் என்கிறார்கள். சபையில் கிழவர்கள் நாலு பேர் அதற்குத் தலையாட்டினார்கள். "இன்னைக்கு மீனுக்கு விட்டா நாளைக்குத் திராட்சைக்கு விடணும். அப்புறம் மாமியார் வீட்டு விருந்துக்கு விடணும். சுவரை எப்ப கட்டுறது, நான் செத்த பிறகா?" என்று கேட்டேன்.

இன்னொரு செய்தி. வெளியூரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் அதைச் சபையில் உரக்கப் படிக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். என் ஆட்சியில் ஒளிவுமறைவு கூடாது. எனக்கு வருவதும் இதில் சேர்த்தி. உன்னுடைய போன கடிதத்தில் நான் ஒன்பது வயது வரை படுக்கையை நனைத்த கதை இருந்தது. எழுத்தர் குரலைக் கொஞ்சமும் குறைக்காமல் படித்தார். அதற்காகச் சட்டத்தை மாற்றிவிடுவேன் என்று நினைக்காதே. நீதான் பார்த்து எழுத வேண்டும்.

தியோன் உயரத்தில் என்னைத் தாண்டிவிட்டான். எப்போது பார்த்தாலும் மீனவர்களோடுதான் இருக்கிறான். உடம்பெல்லாம் மீன் நாற்றம்.

பலத்தோடு இரு.

*

லெம்போஸ் நகர்
அதே மாதம், தேய்பிறை நான்காம் நாள்

பிலின்னா தன் தம்பி திமாண்டருக்கு: மகிழ்ந்திரு.

நாங்கள் நலம். அத்தானின் இடுப்பு வலி மட்டும் பழையபடி. பைரினா சபைப் பெரியவர்களே, நீங்களும் கேட்டுக்கொண்டிருப்பதால் உங்களுக்கும் என் வணக்கம். ஒரு சின்னத் திருத்தம். ஒன்பது வயது இல்லை, பத்து.

சிரித்தாயிற்றா? இப்போது கேள், தம்பி. சூரை மீன் உன் உத்தரவுக்காகக் காத்திருக்காது. அந்த இருபது நாளில் பிடிப்பதை உப்பிட்டு வைத்துத்தான் மீனவர் தெரு குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுகிறது. நாமும் அந்தத் தீவில் பிறந்தவர்கள்தான், உனக்கு இது தெரியாதா? சுவர் ஒரு மாதம் தள்ளிப்போனால் கடலா வற்றிவிடும்? விட்டுக் கொடு. விட்டுக் கொடுத்தவன் கெட்டதில்லை.

உனக்குச் சொல்வது கல்லில் நார் உரிக்கிற வேலை என்று தெரியும். சின்ன வயதிலிருந்தே நீ பிடித்த முயலுக்கு மூன்று கால். இருந்தாலும் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

தியோனைத் திராட்சை அறுப்புக்கு இங்கே அனுப்பு. அவன் அம்மா போன பிறகு ஏழு வருடம் என் மடியில் வளர்ந்தவன். தூங்குவதற்கு முன்னால், "அத்தை, நீங்களும் அப்பாவும் சின்னப் பிள்ளைல செஞ்ச சேட்டையைச் சொல்லுங்க" என்று தொணதொணப்பான். அந்தக் குரல் இன்னும் இந்த வீட்டில் கேட்கிறது. எனக்கு வேறு பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும்.

பலத்தோடு இரு.

*

பைரினா தீவு
கோதுமை அறுப்பு மாதம், வளர்பிறை மூன்றாம் நாள்

திமாண்டர் அக்காவுக்கு: மகிழ்ந்திரு.

நலம். உன் நலமும் வேண்டும்.

நம் கடிதங்களைச் சுமக்கிற மாலுமி மைக்கோன் கப்பலிலிருந்து இறங்கியதுமே உன்னிடம் எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது. ஆகவே நடந்ததை நானே சொல்கிறேன். சூரை மீன் வந்த அன்று ஏழு மீனவர்கள் கல்லைப் போட்டுவிட்டுப் படகை எடுத்தார்கள். திரும்பி வந்ததும் பிடிக்கச் சொன்னேன். அவர்கள் ஓடிப்போய் முனைமலையில் ஹேரா தேவியின் கோவிலுக்குள் நுழைந்து, தேவியின் மணிக்கட்டில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அடைக்கலம் புகுந்தவனைத் தொடக் கூடாது. தெரியும். நான் தொடவில்லை. ஒரு விரல்கூடப் படவில்லை. கோவில் எல்லைக் கல்லுக்கு வெளியே, என் ஊர் மண்ணில், அலைதடுப்புக்கு வந்த கல்லை வைத்து ஒரு சுவர் எழுப்புகிறேன். கோவிலுக்குச் சோறு கொண்டுபோக யாருக்கும் அனுமதி இல்லை. உள்ளே கிணறு இருக்கிறது, தாகத்தில் சாக மாட்டார்கள். பசித்தால் வெளியே வரட்டும், விசாரிக்கிறேன். இதில் எந்தச் சட்டத்தை மீறினேன், சொல்?

பூசாரினி லைசில்லா நேரே சபைக்கே வந்துவிட்டாள். "ஐயா, நீங்க எல்லைக் கல்லை அளக்குறீங்க. தேவி உங்களை அளக்குறா" என்றாள். நான், "அம்மா, தேவிக்குப் படைக்குறதை நான் நிறுத்தலியே. சாப்பாட்டைத்தான் நிறுத்தினேன்" என்றேன். "ரெண்டும் ஒரே தட்டுலதான்யா வருது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது இறங்கி வந்திருந்தால் நாளையிலிருந்து இந்த ஊரை ஆள்வது லைசில்லாவா, நானா?

தியோன் என் மீது கோபமாக இருக்கிறான். அந்த ஏழு பேரில் இருவர் அவனுக்குக் கூட்டாளிகள். சரியாகிவிடும்.

பலத்தோடு இரு.

*

லெம்போஸ் நகர்
கோதுமை அறுப்பு மாதம், தேய்பிறை இரண்டாம் நாள்

பிலின்னா தம்பிக்கு: மகிழ்ந்திரு.

உடம்பு நலம், மனம் நலமில்லை. உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். உன்னைப் பற்றி ஒரு நாளும் கெடுதலாகப் பேசாத மனிதர், கையில் இருந்த ஆலிவைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் சொன்னால் கேட்க மாட்டாய். சபை சொன்னால் கேட்க மாட்டாய். லைசில்லா சொன்னால் அவள் பெண். சரி, அப்போலோவின் சொல்லையாவது கேட்பாயா? குறி கேட்க டெல்பிக்கு ஆள் அனுப்பு. ஆனால் கேட்கிற கேள்வியை ஒழுங்காகக் கேள்: "இந்த ஏழு பேரை விடுவதா, வேண்டாமா?" அவ்வளவுதான். நீ கேள்வியை எப்படித் திருப்புவாய் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் அம்மாவிடம் "தேனடை எடுக்கலாமா?" என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. "எந்தக் கிண்ணத்துல எடுக்கட்டும்மா?" என்றுதான் கேட்பாய்.

தியோனை அனுப்பு. இப்போதே அனுப்பு. அறுப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பலத்தோடு இரு.

*

பைரினா தீவு
அத்தி பழுக்கும் மாதம், வளர்பிறை பத்தாம் நாள்

திமாண்டர் அக்காவுக்கு: மகிழ்ந்திரு.

நீ சொன்னபடியே டெல்பிக்கு ஆள் அனுப்பினேன். இனி என்னைப் பிடிவாதக்காரன் என்று சொல்லாதே. கேள்வி இதுதான்: "என் உத்தரவு நிலைத்து, ஊர் ஒற்றுமையாக இருக்க, நான் எந்தத் தெய்வத்துக்குப் பலி கொடுக்க வேண்டும்?" பதிலும் தெளிவாக வந்தது. அடைக்கலம் புகுந்தவரைக் காக்கும் ஸியூஸுக்குக் கொடு என்றார்கள்.

கொடுத்துவிட்டேன். ஆடு இல்லை, முழு எருது. கொம்புக்குத் தங்கப் பூச்சு. சபை மொத்தமும் சாப்பிட்டது. ஒரு கிழவர் கறியை மென்றுகொண்டே, "அடைக்கலம் காக்குற சாமிக்குப் பலி, அடைக்கலம் புகுந்தவனுக்குப் பட்டினி. நல்லா இருக்குய்யா" என்றார். கடவுள் சொன்னதைச் செய்தவனிடம் இப்படிப் பேசுகிறார்கள்.

சுவர் எழும்பிவிட்டது. வாசலிலும் கிழக்கிலும் காவல். வடக்கே செங்குத்துப் பாறை, கீழே கடல். அங்கேயும் போட வேண்டாமா என்று சபையில் கேட்டார்கள். "அதுல பருந்துதான் ஏறும். பருந்துக்குக் காவல் போடணுமா?" என்று கேட்டேன். அத்தோடு விட்டார்கள்.

ஆச்சரியம், அந்த ஏழு பேரும் இன்னும் வெளியே வரவில்லை. தேவி காற்றை ஊட்டி வளர்க்கிறாள் போலிருக்கிறது.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. உக்கிராணத்தில் பாலாடைக்கட்டியும் மாவும் குறைந்துகொண்டே வருகின்றன. எலி என்கிறாள் சமையல்காரி. பொறி வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், எலியும் பிழைத்துப் போகட்டும் என்றேன். தியோன் என்னோடு பேசுவதே இல்லை. பகலெல்லாம் தூங்குகிறான். முழங்காலில் சிராய்ப்பு. வாலிபப் பிள்ளை, கேட்கவில்லை.

அவனை அனுப்பச் சொன்னாய். இப்போது வேண்டாம். அவனுக்கு இங்கே வேலை இருக்கிறது.

பலத்தோடு இரு.

*

லெம்போஸ் நகர்
அத்தி பழுக்கும் மாதம், தேய்பிறை ஒன்பதாம் நாள்

பிலின்னா தம்பிக்கு: மகிழ்ந்திரு.

எருதுக்குத் தங்கப் பூச்சா? ஐயோ, தம்பி! கடவுளே உன் காதைப் பிடித்துத் திருகியிருக்கிறார், நீ காதில் தோடு போட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

வேறொன்றும் எழுத எனக்குக் கை வரவில்லை. தியோனுக்கு அங்கே என்ன வேலை? அவன் என்ன சாப்பிடுகிறான், யாரோடு இருக்கிறான், எழுது. மைக்கோனைக் காத்திருக்கச் சொல்லி உடனே பதில் எழுது.

பலத்தோடு இரு.

*

லெம்போஸ் நகர்
திராட்சை மிதிக்கும் மாதம், வளர்பிறை ஏழாம் நாள்

பிலின்னா தம்பி திமாண்டருக்கும் பைரினா சபைக்கும்: மகிழ்ந்திருங்கள்.

மைக்கோன் வெறுங்கையோடு வந்தான். நீ பதிலே எழுதவில்லை. ஆகவே இந்தக் கடிதம் உனக்கு மட்டும் இல்லை. எழுத்தரே, ஒரு வரியும் விடாமல் படியுங்கள். சபை கேட்கட்டும். சட்டம் அவன் போட்டதுதானே.

பெரியவர்களே, உங்கள் தலைவன் ஏழு வயதில் ஒரு திருடன். நான் பத்து வயதுத் திருடி. ஹேராவுக்குப் படைத்த தேன் பணியாரத்தைத் திருடுவதற்காக நாங்கள் இருவரும் முனைமலையில் ஏறுவோம். வடக்குப் பக்கம் பருந்துதான் ஏறும் என்று சொன்னானாமே? நாங்கள் என்ன பருந்தா? கடல் பக்கம் கரும்பாறைக்குப் பின்னால் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு இருக்கிறது. முதுகை ஒரு பக்கமும் காலை மறு பக்கமும் ஊன்றினால் நேரே கோவில் கொல்லைக்குப் போய்விடலாம். தம்பி, அதைக்கூட மறந்துவிட்டாயா? ஆட்சி ஏறியதும் பிறந்த மண்ணே மறந்துபோய்விட்டதா?

ஒரு நாள் பிடிபட்டோம். இவன் அழுதுகொண்டே ஓடிப்போய்த் தேவியின் காலைக் கட்டிக்கொண்டான். அன்றைய பூசாரினி என்ன செய்தாள்? சுவர் எழுப்பினாளா? பட்டினி போட்டாளா? "தேவியைப் பிடிச்சவனை நான் என்னன்னு சொல்ல?" என்று சொல்லி, மிச்சம் இருந்த பணியாரத்தையும் இவன் கையிலேயே கொடுத்து அனுப்பினாள். அந்தப் பணியாரத்தைத் தின்றவன்தான் இன்று ஏழு பேரைப் பட்டினி போடுகிறான். கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் ஒருவருக்காவது வெட்கம் வரட்டும். அவனுக்கு வராது.

பலத்தோடு இருங்கள்.

*

பைரினா தீவு
திராட்சை மிதிக்கும் மாதம், தேய்பிறை ஐந்தாம் நாள்

திமாண்டர் அக்காவுக்கு: மகிழ்ந்திரு.

அத்தானின் இடுப்பு வலி தேவலையா?

வெள்ளைக் கம்பளியில் ஒரு மேலங்கி நெய்து அனுப்பு. உன் கையால் நெய்ததாக இருக்க வேண்டும். அளவு தியோனுக்கு. அடுத்த பிறை தேய்வதற்குள் வந்து சேர வேண்டும்.

இதை மைக்கோனிடம் கொடுக்கவில்லை. எகிப்துக்குப் போகிற கப்பல் ஒன்று தண்ணீர் எடுக்க நின்றது. அவர்களுக்கு நம் ஊரைத் தெரியாது.

பலத்தோடு இரு.

*

லெம்போஸ் நகர்
அதே மாதம், தேய்பிறை பதிமூன்றாம் நாள்

பிலின்னா தன் கண்ணான தம்பிக்கு: மகிழ்ந்திரு, மகிழ்ந்திரு!

நாங்கள் எல்லோரும் நலம். அத்தானுக்கு இடுப்பு வலியே போய்விட்டது, உன் கடிதம் பார்த்ததிலிருந்து.

கள்ளன் நீ! வெள்ளை மேலங்கி என்றால் கல்யாணம்தானே! பெண் பார்த்துவிட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் மகள்? அவள் பெயரைக்கூட எழுதாமல் அளவை மட்டும் எழுதுகிறவன் உலகத்தில் நீ ஒருவன்தான். மைக்கோனிடம் கொடுக்காதது நல்லது, நல்ல காரியம் முடிகிற வரை அவன் வாயில் விழக் கூடாது. சண்டை முடிந்து, ஏழு பேரையும் விட்டுவிட்டு, இந்த மகிழ்ச்சியில்தான் மறந்துபோய் எழுதாமல் விட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சபைக்கு எழுதியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. கொஞ்சம் காரம் கூடிப்போய்விட்டது.

ஆறு நாளில் நெய்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிக்கெடுத்தார்கள், தறியை நான் ஒருவருக்கும் விடவில்லை. கழுத்தோரத்தில் திராட்சைக் கொடி போட்டிருக்கிறேன், மாப்பிள்ளைக்குப் போடுகிறபடி. தோள் அகலம் உன் அளவுக்கு இரண்டு விரல் கூட்டி வைத்தேன். சரியாக இருக்குமா? அவன் போட்டுப் பார்த்துவிட்டு என்ன சொன்னான் என்று அப்படியே எழுது. அவன் சொன்ன சொல்லை மாற்றாமல் எழுது.

கடல் மூடுவதற்குள் அவளையும் அழைத்துக்கொண்டு வரச் சொல்.

பலத்தோடு இரு.

*

பைரினா தீவு
ஆலிவ் உலுக்கும் மாதம், தேய்பிறை முதல் நாள்

திமாண்டர் அக்காவுக்கு.

மேலங்கி வந்தது. அளவு சரியாக இருந்திருக்கும். முப்பதாம் நாள் அவன் கல்லறையில் வைத்து எரித்தேன். கொடி போட்ட ஓரம் கடைசியாகத்தான் எரிந்தது.

அக்கா, தியோன் இறந்துவிட்டான். இந்த வார்த்தையை எழுதுவதற்கு ஒரு மாதம் ஆயிற்று.

எங்கள் வீட்டில் எலி இல்லை. தொடக்கத்திலிருந்தே எனக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் மாவும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு பிளவு வழியாக ஏறி அந்த ஏழு பேருக்குக் கொடுத்துவிட்டு வருவான். பிளவை அவனுக்குக் காட்டியது யார் என்று நான் கேட்கவில்லை. உன் மடியில் படுத்துக் கதை கேட்டவன்தானே. நான் அதை மறக்கவில்லை, அக்கா. பருந்துதான் ஏறும் என்று சபையில் சொன்னது அதற்காகத்தான். ஊருக்கு முன்னால் என் உத்தரவு நிற்க வேண்டும், ஊருக்குப் பின்னால் யாரும் சாகவும் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பிறகு பிளவுக்கு வில்லாளிகளைப் போடச் சொன்னேன். ஏன் போட்டாய் என்று கேட்காதே. போட்டேன்.

அன்று மாலை அவனைக் கூப்பிட்டு, "நாளைக்கு மேய்ச்சல் மேட்டுக்குப் போ. ஆடு எண்ணணும். ரெண்டு நாள் அங்கேயே தங்கிட்டு வா" என்றேன். "சரிப்பா" என்றான். மூன்று மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் சொல் அது. "பிளவுப் பக்கம் போகாதடா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். மகனுக்கு முன்னால் இறங்கிப் போக எனக்கு வாய் வரவில்லை. மூன்று சொல்லைச் சொல்லச் சோம்பியவனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் இருக்க மாட்டோமே என்று இரண்டு நாளுக்கான சோற்றையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அவன் விடியலில் ஏறியிருக்கிறான். பாரம் அதிகம், வேகமாக ஏற முடியவில்லை. பனிமூட்டத்தில் வில்லாளிகளுக்கு ஒரு மூட்டையும் முதுகும்தான் தெரிந்ததாம்.

சுவரை நானே கையால் இடித்தேன். ஒருவரும் உதவிக்கு வரவில்லை, நானும் கேட்கவில்லை. ஏழு பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். படகுப் பாயில் வைத்து அவனைச் சுமந்து வந்ததும் அவர்கள்தான். லைசில்லா தேவியின் மணிக்கட்டிலிருந்த நூலை அவிழ்த்து அவன் கையில் கட்டினாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முத்திரை மோதிரத்தைச் சபையிடம் கொடுத்துவிட்டேன். கையில் ரத்தம் உள்ளவன் ஊரில் இருக்கக் கூடாது. நீ அவன் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னாய். "சரிப்பா" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

*

லெம்போஸ் நகர், என் வீடு
ஆலிவ் உலுக்கும் மாதம், தேய்பிறை பத்தாம் நாள்

பிலின்னா தன் தம்பி திமாண்டருக்கு.

இந்தக் கடிதத்தைக் கப்பலில் அனுப்பவில்லை. பத்தடி தூரத்தில் நீ என் அடுப்புச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிறாய், தலையைக் குனிந்துகொண்டு, மடியில் அடைக்கலம் கேட்கிறவனின் கம்பளி சுற்றிய கிளையோடு. ரத்தக் கறையோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவனிடம், அவனைக் கழுவுகிற வரை, பெயரைக்கூடக் கேட்கக் கூடாது. அவனும் வாய் திறக்கக் கூடாது. பேசக் கூடாது என்றுதான் இருக்கிறது, எழுதக் கூடாது என்று எங்கேயும் இல்லை. சட்டத்தில் இடுக்கு தேடுவதில் நானும் உன் அக்காதான்.

நேற்று முதல் நீ அசையவில்லை. நாற்பது வருடத்தில் நீ இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அத்தான் உன்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

உன் கடிதத்தைக் கொண்டுவந்த மைக்கோன், நீ எழுதாமல் விட்டதையும் கொண்டுவந்தான். அவன் வாய்க்குத்தான் பூட்டு இல்லையே. "அம்மா, உங்க கடுதாசியைத்தான் அன்னைக்குச் சபைல படிச்சாங்க. பிளவுன்னு வந்ததும் எல்லாரும் நிமிந்து ஐயாவைப் பாத்தாங்க. 'அப்ப வழி இருக்கு. சோறு போற வழி அதுதான். ஐயாவுக்குத் தெரிஞ்சே இருந்திருக்கு'ன்னு ஒருத்தர் சொன்னாரு. 'ஊரான் வீட்டுக்குத்தான் சட்டமா?'ன்னு இன்னொருத்தர் கத்துனாரு. அப்புறம்தான் ஐயா வில்லாளிகளைக் கூப்பிட்டாரு" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். அதன் பிறகு அவன் இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஏன் போட்டாய் என்று கேட்காதே என்று எழுதினாய். யாரையும் விட்டுவைக்காத வாய் உன்னுடையது. அம்மாவையும் அப்பாவையும் கடவுளையும் எதிர்த்துப் பேசியவன். என்னை மட்டும் விட்டுவைத்தாய். "உன் கடிதத்தால்தான்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன் பாரத்தில் பாதி இறங்கியிருக்கும். நீ எழுதவில்லை.

உனக்கு நான் எத்தனை புத்தி சொன்னேன்! விட்டுக் கொடு, இறங்கிப் போ, கேள்வியை ஒழுங்காகக் கேள். எல்லாம் சரியான புத்திதான், இப்போதும் அதைத்தான் சொல்வேன். கடைசியில் புத்தி சொல்வது போதாமல், ஜெயிக்க ஆசைப்பட்டேன். ஒரு சபை முழுக்க என் பேச்சைக் கேட்கிறது என்ற ருசி எனக்கும் ஏறிவிட்டது. உன்னை வெட்கப்பட வைக்க வேண்டும் என்று எழுதினேன். நீ எலியைப் பற்றி எழுதினாய், முழங்கால் சிராய்ப்பைப் பற்றி எழுதினாய். அவனை ஏழு வருடம் வளர்த்தவள் நான், அந்தக் கதையை அவனுக்குச் சொன்னவள் நான், எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா? நீ எழுதுவதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நான் அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருந்தேன். நான் நெய்த அங்கி தியோனுக்கு எரிக்கத்தான் உதவியது.

நாளை காலை பூசாரி பன்றிக்குட்டியோடு வருகிறார். அதன் ரத்தத்தை உன் கையில் ஊற்றிக் கழுவுவார். அப்போது நானும் உன் பக்கத்தில் சாம்பலில் உட்கார்ந்து கையை நீட்டுவேன். அவரிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்குமாம்மா? நீங்க இங்கதானே இருந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம், இங்கேதான் இருந்தேன், ரெண்டு பேருக்கும்தான் என்றேன்.

இதை நான் யாருக்கும் உரக்கப் படிக்கவில்லை. நீ படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. தட்டில் பார்லி அப்பமும் அத்திப்பழமும் வைத்திருக்கிறேன். பாலாடைக்கட்டி வைக்கவில்லை. சாப்பிடு, தம்பி.